நாலு சால் ஓடும் வண்டி

நாலாவது உழவுச் சால் ஓடித் திரும்பும்போது டிராக்டருக்கு வழக்கம்போல இருமல் வந்தது.

பாப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். முதலில் ஒரு சின்னத் தடுமாற்றம், படியிறங்கும்போது கால் தவறின மாதிரி. அப்புறம் சீராக அடித்துக்கொண்டிருந்த டபடபச் சத்தம் குலைந்தது. ஏறியது, இறங்கியது. மேட்டில் சுமையோடு ஏறி வந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்லப் பார்ப்பதுபோல இருந்தது. புகைக்குழாயில் கறுப்பு போய் வெளுப்பாக நாலு கொப்பளிப்பு. அவ்வளவுதான். கலப்பை மண்ணைக் கவ்வியபடி இருக்க, வண்டி நின்றுவிட்டது.

"நின்னுட்டியா ராசா?" என்றாள் பாப்பா. "நல்லா நில்லு. நாளைக்கு மத்தியானம் பழைய இரும்புக்காரர் லாரியோட வர்றாரு. அவர் குடோன்ல போயி ஆசை தீர நில்லு."

பாப்பா என்பது அவள் பெயர் இல்லை. முதல் பிள்ளை என்று வீட்டில் கூப்பிட்டது, முப்பத்தாறு வயதாகியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய், மிளகாய் உரசினாலும் எரியாத கை. ஆனாலும் சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். உழவுக்குச் சொல்லிவிடுகிறவர்கள்கூட, "பாப்பாவை வரச் சொல்லுங்க, வண்டிய எடுத்துக்கிட்டு" என்றுதான் சொல்வார்கள்.

மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. இன்னும் பாதி நிலம் உழாமல் கிடந்தது. மழை விழுவதற்குள் உழுது விதை போட்டால்தான் அந்த வருஷம். ஆனால் அவளுக்குக் கவலை மழை அல்ல. வண்டி போய்விட்டால் அவளுக்கு இந்த நிலத்தில் செய்ய என்ன இருக்கிறது? டவுனில் வெங்காயம் தரம் பிரிக்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. சித்தி மகள் அங்கேதான் போகிறாள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று, அழுகினது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். பாப்பா ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க காத்தே இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வரப்பில் அப்பா வருவது தெரிந்தது. வலது முழங்காலை மடக்காமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. கையில் சாப்பாட்டுத் தூக்கு. தூக்குக்கு மேலே ஒரு துணி, துணிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பை, பைக்கு மேலே ரப்பர் வளையம். அம்மாவின் கைவேலை.

"எத்தனை சால்?" என்றார்.

"நாலு."

"நேத்தும் நாலுதானே? பரவால்ல. சொன்ன சொல் தவறாத வண்டி."

"அப்பா, கிண்டல் பண்ணாதீங்க. இன்னும் ஒரு வாரம் குடுங்க. கம்பவுண்டர் அண்ணன் நாளைக்குக் காலையில வந்து இன்னொரு தரம் பாக்குறேன்னிருக்காரு."

"அவன் பாத்தா அது ஓடும்மா. அவன் போனா நின்னுடும். அவனையே கட்டி வச்சு உழவா முடியும்?"

தூக்கைத் திறக்க இரண்டு பேரும் சேர்ந்து போராட வேண்டியிருந்தது. ரப்பர் வளையம் பழைய சைக்கிள் டியூபில் வெட்டினது. உள்ளே அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் சோறும், சூடு கொஞ்சமும் குறையாமல் இருந்தன.

"உங்கம்மா மூடினா யாராலயும் திறக்க முடியாது" என்றார் அப்பா. முட்டையைப் பாதியாக்கிப் பெரிய பாதியை மகளிடம் நீட்டினார்.

வண்டியை விற்க அவருக்கு மட்டும் ஆசையா என்ன? கல்யாணமான வருஷம் வாங்கின வண்டி. பாப்பாவுக்கு அது மூத்தது. ஆனால் அவர் ஒரு சொல் சொல்லிவிட்டால் சொன்னதுதான். இரும்புக்காரருக்கு ஆள் அனுப்பியாயிற்று.

*

கம்பவுண்டர் என்றால் ஊசி போடுகிற ஆள் இல்லை, மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியை ஓடுகிற எஞ்சின்மேல் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடி பார்ப்பதுபோலவே இருக்கும். அதனால் வந்த பெயர். கடைவாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே இருப்பார்.

அவர் அதுவரை இரண்டு தரம் வந்து போயிருந்தார். முதல் தரம், டீசல் போகிற வழியில் காற்று புகுந்திருக்கும் என்றார். ஃபில்டர் மேலே இருக்கிற திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை காற்றை எடுத்தார். வண்டி குயில் மாதிரி ஓடியது. அவர் டீ குடித்துவிட்டுப் போனார். மறுநாள் நாலு சால்.

இரண்டாம் தரம் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு, மூன்று சிலிண்டருக்கும் போகிற குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். தளர்த்தும்போது சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது, மாறாவிட்டால் அதுதான் சோம்பேறி. மூன்றிலும் சத்தம் மாறியது. டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஃபில்டரை மாற்றினார். காற்று உறிஞ்சும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றினார். டீசல் தூவுகிற நாசில் மூன்றையும் எடுத்துத் தெளித்துப் பார்த்தார். பூ மாதிரித் தூவியது. நாலு மணி நேரம் வண்டி ஒரு தும்மல் போடாமல் ஓடியது.

"என்னண்ணே, வியாதியே இல்லையா?" என்றாள் பாப்பா.

"இது டாக்டரைக் கண்டா குறையுற காய்ச்சல் பாப்பா" என்றார் கம்பவுண்டர். "எல்லாம் நல்லாருக்கு. எல்லாம் நல்லாருந்தும் நிக்குதுன்னா டீசல் பம்புதான் உள்ள தேஞ்சிருக்கணும். இந்த மாடலுக்குப் பம்பு இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது. தேடுற நேரத்துல நீ மண்வெட்டியால கொத்திடலாம்."

"வாய் கழுவுண்ணே."

"வாய்ல கடலை இருக்கு, அப்புறம் கழுவுறேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா இந்தப் பக்கம் வந்தாள். எந்த வேலை நடந்தாலும் அது முடிந்த பிறகு வருவது அம்மாவின் வழக்கம். கிடந்த கந்தல் துணியை எடுத்து, சிந்தின எண்ணெயைத் துடைத்து, திறந்து கிடந்ததை எல்லாம் மூடி, மூடினதன்மேல் பையைப் போட்டுக் கட்டுவாள். வெளியாள் வருகிறார் என்றால் பைகளை எல்லாம் அவிழ்த்து ஒளித்துவிடுவாள். வந்தவர் பார்த்தால் என்ன நினைப்பார்! அவர் தெருமுனை திரும்பியதும் பைகள் திரும்பி வந்துவிடும். அந்த வீட்டில் டிவி ரிமோட்டுக்குப் பை உண்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் பை உண்டு. ஒழுகுகிற வாளிக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற ரப்பரும் பசையும் வைத்து ஒட்டுவாள். ஒட்டினது வாளி உடைந்தாலும் விடாது. மகன் வெளிநாடு கிளம்பினபோது அவன் பெட்டிக்குள் எதை எடுத்தாலும் மூன்று பை உரிக்க வேண்டியிருந்தது என்று விமான நிலையத்தில் சோதனை செய்தவர்கள் சிரித்தார்களாம்.

*

பாப்பாவின் தம்பி சின்னவன் வெளிநாடு போய் ஏழெட்டு மாதம் இருக்கும். அங்கே ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை மெஷின் உமிழ உமிழ மடித்து அடுக்க வேண்டும். ஒரே அறையில் நாலு பேர், இரண்டு பேர் தூங்கும்போது இரண்டு பேர் வேலையில். அதனால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கிசுகிசுப்பாகத்தான் குரல் பதிவு அனுப்புவான். குழாயில் சொட்டுகிற தண்ணீரும் சேர்ந்து கேட்கும்.

போகிறதற்கு முந்தின வாரம் வண்டியைத் தலைமுதல் கால்வரை பிரித்துச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுப் போனவன் அவன். அப்போது டேங்குக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. டீசலையெல்லாம் வடித்து, தண்ணீரைப் பிரித்து, ஒரு நாள் முழுக்க அதிலேயே கிடந்தான். இப்போது வண்டி நிற்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்கு உறக்கம் போயிற்று.

அன்று சாயங்காலம் சமையலறையில் அடுப்புக்கு எதிரே மூன்று பேரும் உட்கார்ந்து, பைக்குள் இருக்கிற போனிலேயே அவன் பேச்சைக் கேட்டார்கள்.

"அக்கா... அந்த அடி ஃபில்டர் நட்டு இருக்குல்ல, அதை நான் கடைசியா இறுக்குனேனா இல்லையான்னு ஞாபகமே வரலக்கா. இறுக்குன மாதிரியும் இருக்கு, அப்பா சாப்பிடக் கூப்பிட்ட மாதிரியும் இருக்கு. வாஷர் பழசைத்தான் போட்டேன். அதுல காத்து இழுக்குதோ என்னமோ. என்னாலதான்னா சொல்லிடுக்கா. சொல்லாம மட்டும் இருக்காத. நேத்து விரிப்பு மடிக்கிறப்பவும் அந்த நட்டுதான் கண்ணு முன்னாடி. மேஸ்திரி திட்டிட்டாரு. தலை வேற வலிக்குது, எந்திரிக்கிறப்பவே வலிக்குது..."

"அந்த நட்டை நான் நாலு தரம் பாத்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு" என்றாள் பாப்பா. "எத்தனை தரம் சொன்னாலும் நம்ப மாட்டேங்குறான்."

அம்மா அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அம்மா பதிவு செய்யும்போது கடல் தாண்டிக் கூப்பிடுவதுபோலத்தான் பேசுவாள்.

"தம்பி! சாப்பிட்டியா? ராத்திரி சன்னலை நல்லா மூடிட்டுப் படுக்குறியா? பனி உள்ள வந்தா தலை வலிக்கத்தான் செய்யும். சன்னல் இடுக்குல துணி வச்சு அடைன்னேனே, அடைச்சியா? காதைக் கட்டிக்கோ. போர்வையைத் தலையோட இழுத்துப் போத்திக்கோ!"

"நாலு பேர் ஒரு ரூம்புல, சன்னலையும் அடைச்சுட்டு, போர்வையும் போத்திட்டு" என்றார் அப்பா. "பையன் அவிஞ்சுதான் வருவான்."

"உங்களுக்கென்ன தெரியும்? அவன் சின்னதுலேருந்தே சளி உடம்பு."

"நாளைக்கு வண்டி போயிடும்னு அவன்கிட்ட யாரும் சொல்லலயா?" என்று பாப்பா கேட்டாள்.

அம்மா போனைத் துடைத்து அதன் பையை இழுத்து நேராக்கினாள்.

*

மறுநாள் விடிந்ததும் பாப்பா எழுந்துவிட்டாள். மத்தியானம்வரை வண்டி நம்முடையது, அதுவரை எத்தனை சால் வருகிறதோ அத்தனை என்று நினைத்துக்கொண்டாள். வண்டிக் கொட்டகைக்குப் போனால் அவளுக்கு முன்னால் அம்மா அங்கே நின்றிருந்தாள். வண்டியின் முகத்தைத் துடைத்துவைத்திருந்தாள். டீசலும் ஊற்றியாயிற்று.

"கடைசி நாளு. நிறைஞ்ச வயிறா போகட்டும்" என்றாள்.

பாப்பா ஏறி உட்கார்ந்தாள்.

மழைக்கு முந்தின காற்று, மண் வாசனை. முதல் சால் தங்கமாக ஓடியது. இரண்டாவதும் அப்படியே. கரிசல் புரண்டு பளபளவென்று விழுந்தது. பின்னாலேயே கொக்குகள் இறங்கிப் புழு பொறுக்கின. மூன்றாவதில் அப்பா வந்து வரப்பில் நின்றார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. நாலாவது சால் திரும்பினாள்.

இருமல்.

"வந்துருச்சா?" என்று அப்பா கத்தினார்.

"வந்துருச்சு!"

"டீசல் இருக்கா பாரு!"

வழக்கமான கிண்டல்தான். ஆனால் பாப்பாவுக்கு அன்றைக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இருக்கிறதைக் காட்டுகிறேன் பாருங்கள் என்று எஞ்சினை அணைக்காமலே குதித்து இறங்கினாள். அது திக்கித் திணறி, இதோ நிற்கிறேன் அதோ நிற்கிறேன் என்று துடித்துக்கொண்டிருந்தது.

டேங்க் மூடிமேல் அம்மாவின் பை. கழுத்தில் இரண்டு ரப்பர் வளையம். கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

பை மூடியோடு ஒட்டி, பல்லில்லாத கிழவர் கன்னம்போல உள்ளே குழிந்து கிடந்தது. விரலால் இழுத்தால் வர மறுத்தது. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.

வளையத்தைப் பிய்த்தெறிந்து மூடியைத் திருகினாள். அசையவில்லை. முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகினாள். மூடி நகர்ந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீளமான இழுப்பு. கிணற்றில் விழுந்து மேலே வந்தவர் இழுக்கிற முதல் மூச்சு மாதிரி. இழுப்பு அடங்கினதும் எஞ்சின் ஒரு தடவை குலுங்கியது, இரண்டு தடவை அடித்தது, அப்புறம் யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே, டபடபடபவென்று ஏறி நின்றது.

அப்பா தன் முழங்காலை மறந்து உழுத மண்ணில் நடந்து வந்துவிட்டார்.

"என்னடி பண்ணுன?"

"மூடியத் திறந்தேன்ப்பா."

"மூடியத் திறந்தா?"

"பேசாம இருங்க, இருங்க." மூடியை மறுபடி இறுக்கி, பையையும் கட்டி, ஏறி உழுதாள். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும்வரை அப்பா அங்கேயே நின்று பார்த்தார். இன்னும் இரண்டு சால் ஓடி, மூன்றாவதில் இருமல். இறங்கித் திறந்தாள். ஸ்ஸ்ஸ். சீரான சத்தம். மூடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நடுவில் காற்றுப் போக ஒரு ஊசி ஓட்டை இருக்க வேண்டும். அந்த இடத்தில் கச்சிதமாக, வட்டமாக, ஓரம் தூக்காமல், ஒரு பஞ்சர் ரப்பர் ஒட்டியிருந்தது.

அப்பா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. "இந்தக் கைவேலை எனக்குத் தெரியும்" என்றார்.

அதுதான் சங்கதி. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வழியை அடைத்தால் டேங்க் டீசலை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இத்தனை மாதமும் பக்கத்துக்குப் போய்வந்த சின்ன ஓட்டத்துக்குத் தெரியவில்லை. உழவுக்கு இழுக்கும்போது நாலு சாலில் தொண்டை அடைத்துவிடும். கம்பவுண்டர் வந்தால் பை ஒளிந்துவிடும். அவரும் டீசல் பார்க்க மூடியைக் கழற்றி, பானட்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றதை எல்லாம் பார்ப்பார். வண்டி குயில் மாதிரி ஓடும். அவர் போவார், அம்மா வருவாள், மூடுவாள்.

*

வீட்டு வாசலில் இரும்புக்காரரின் லாரி நின்றது. கம்பவுண்டரும் வந்திருந்தார். வண்டி சீராக அடித்துக்கொண்டு தெருவில் வந்ததைப் பார்த்ததும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பாப்பா மூடியை அவர் கையில் வைத்தாள். திருப்பிப் பார்த்தவர், மூடியாலேயே நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அடப் பாவமே! குல்லாவைக் கழட்டி ஓரமா வச்சுட்டுத்தான் தலைவலி பாத்திருக்கேன். நோயே குல்லாதான்!"

"இந்த வண்டி கிடையாதுங்க" என்றார் அப்பா, இரும்புக்காரரிடம்.

"சொல்லித்தானே விட்டீங்க பெரியவரே?"

"சொன்னேன். ஓடாத வண்டியத் தர்றேன்னு சொன்னேன். இது ஓடுது. சொல் தவறலையே?"

இரும்புக்காரர் சிரித்துவிட்டார். "டீயாவது ஓடுமா?"

அம்மா மூடியையே பார்த்துக்கொண்டு கதவோரமாக நின்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தம்பிதான் சொன்னான்" என்றாள் மெதுவாக. "இந்த ஓட்டை வழியாத்தான் மழைத்தண்ணி இறங்குது, பாத்துக்கோம்மான்னு சொன்னான். அவன் போன அன்னைக்கே ஒட்டினேன். அவன் பாடுபட்டுச் சுத்தம் பண்ணது வீணாப் போகக் கூடாதுன்னு..."

பாப்பாவுக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. "ஒட்டினதுதான் ஒட்டின, இவ்வளவு நல்லாவா ஒட்டுவ?" என்றாள்.

"பாப்பா, அவன்கிட்ட சொல்லாதடி. தன்னாலதான்னு இன்னும் நாலு நாள் தூங்க மாட்டான்."

"சொல்லலைன்னாலும் தூங்க மாட்டான்ம்மா. நட்டு நட்டுன்னு கிடப்பான்."

போன் அதற்குள் இரண்டு தரம் கிணுகிணுத்திருந்தது. அம்மா அதை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, பையிலிருந்து போனை உரித்தெடுத்து, வெறும் போனைக் கையில் பிடித்துக்கொண்டாள். வாசலில் ஓடிக்கொண்டிருந்த வண்டிப் பக்கம் அதைக் கொஞ்ச நேரம் நீட்டினாள். அப்புறம் வாயருகே கொண்டுவந்தாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை.

"தம்பி, கேட்டியா? நம்ம வண்டிதான். உன் நட்டுல ஒண்ணுமில்ல. நீ செஞ்சதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. டேங்க் மூடில தண்ணி இறங்குதுன்னியே, நான்தான் அந்த ஓட்டையை அடைச்சுட்டேன். தண்ணி போகலை, காத்தும் போகலை. பாவம், மூச்சு முட்டி முட்டி நின்னிருக்கு. இனிமே அடைக்க மாட்டேன். மேல ஒரு டம்ளரைக் கவுத்தினாப் போதும், மழையும் விழாது, காத்தும் வரும்னு அப்பா சொல்றாரு." வண்டிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "ஏன்டா... அந்தச் சன்னலை நான் சொன்னேன்னு முழுசா அடைச்சா வச்சிருக்க? ஒரு கையளவு திறந்து வச்சுப் படேன். பனி வந்தா வரட்டும்."

பாப்பா மறுபடி நிலத்துக்குப் போனாள். ரப்பரைச் சுரண்டி எடுத்து, ஊசியால் குத்தி வழி விட்ட மூடிமேல் ஒரு நசுங்கின டம்ளர் கவிழ்ந்து, ஆட்டத்தில் கிணிங்கிணிங் என்று தாளம் போட்டது. நாலு சால், ஐந்து சால். அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். கடைசிச் சால் திரும்பும்போது முதல் துளி புறங்கையில் விழுந்தது.

அவள் நனைந்து வீட்டுக்கு வந்தபோது சின்னவனின் பதிலை அம்மா மூன்றாவது தரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் பேச்சே முதலில் இல்லை. குளியலறைச் சொட்டும் இல்லை. ஏதோ துணியை உருவுகிற சத்தம். பிறகு இறுகிப்போன கொக்கி ஒன்று நகராமல் நகராமல் கடைசியில் டக்கென்று நகர்கிற சத்தம். உடனே ஒரு தெருவே உள்ளே வந்தது. வண்டிகள், யாரோ யாரையோ கூப்பிடுவது, ஒரு நாய், காற்று.

"கேக்குதாம்மா?" என்றான் அவன், கிசுகிசுக்காமல்.